புரதம் எஸ் அல்ல, புரதம் சி: ஒரு குடும்பத்தின் ரத்தக்கட்டிகளும் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்த தவறான பெயரும்

பின்னணி

காவிரிப் படுகையில் உள்ள ஒரு நகரத்தின் நடுத்தர அளவு மருத்துவமனையில் பொது மருத்துவராகப் பணியாற்றும் நான், என் பொறுப்பில் சிகிச்சை பெற்ற ஒரு குடும்பத்தின் நிகழ்வை இங்கே பதிவு செய்கிறேன். பிறவியிலேயே ரத்த உறைவைக் கட்டுப்படுத்தும் புரதம் குறைந்திருக்கும் குடும்பங்களை நாங்கள் அபூர்வமாகவே அடையாளம் காண்கிறோம். அப்படி அடையாளம் கண்டபோதும், இந்தக் குடும்பத்தில் முதலில் தவறான புரதத்தின் பெயரைச் சொல்லிவிட்டோம். அந்தத் தவறு எப்படி நேர்ந்தது, அதனால் யார் பாதிக்கப்பட்டார் என்பதே இப்பதிவின் மையம். அடையாளம் தரக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

நோயாளி 23 வயதுப் பெண். அறுவை சிகிச்சை மூலம் முதல் குழந்தை பிறந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. தாய்வீட்டில் இருந்தார். கணவர், அவருடைய தாயின் கடைசித் தம்பி, அதாவது சொந்தத் தாய்மாமன். எங்கள் பகுதியில் இது வியப்புக்குரிய செய்தி அல்ல என்பதால் அனுமதிக் குறிப்பில் யாரும் அதை எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும் என்பது பின்னால் தெரிந்தது.

அனுமதிக்கு முன் நான்கு நாட்கள்

பிரசவமான ஏழாம் நாள் தலைவலி தொடங்கியது. முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டவர்களுக்குத் தலைவலி வருவது உண்டு என்பதால், பிரசவம் பார்த்த இடத்தில் வலிமாத்திரை கொடுத்து ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்த ஊசியால் வரும் தலைவலி எழுந்து உட்கார்ந்தால் கூடும், படுத்தால் தணியும். இவருக்கோ நேர்மாறாக, படுத்தால் மண்டை பிளப்பதுபோல் இருந்ததாகவும் விடியற்காலையில் வாந்தியோடு எழுந்ததாகவும் தாய் பின்னர் சொன்னார். இந்த ஒரு கேள்வியை அன்றே யாராவது கேட்டிருந்தால் மூன்று நாட்கள் மிச்சமாகியிருக்கும்.

அது வைகாசி மாதம், கடும் வெயில். பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்ற நம்பிக்கையில், காலையில் ஒன்றும் மதியம் ஒன்றும் இரவில் ஒன்றுமாகச் சிறிய எவர்சில்வர் டம்ளரில் வெந்நீர் அளந்து கொடுத்திருக்கிறார்கள். பூண்டுக் குழம்பும் காய மருந்தும் தவறாமல் நடந்தன. அந்த டம்ளரைத் தாய் வார்டுக்கே கொண்டுவந்திருந்தார். நான் கையில் வாங்கிப் பார்த்தேன், நூறு மில்லி பிடித்தால் அதிகம். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை ரத்தம் எளிதில் உறையும் நிலையில்தான் எந்தப் பெண்ணுக்கும் இருக்கும். பேறுகாலத்தில் ரத்தப்போக்கு மிகாமல் காக்க உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அதன்மேல் நீரிழப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

பதினொன்றாம் நாள் மாலை வலது கையில் தொடங்கிய வலிப்பு உடல் முழுவதும் பரவியது. ஜன்னி கண்டுவிட்டது என்று எங்களிடம் கொண்டுவந்தார்கள்.

அனுமதியின்போது கண்டவை

வலிப்பு நின்ற பிறகும் அரைமயக்கம் நீடித்தது. வலது கையைத் தூக்க முடியவில்லை. ரத்த அழுத்தம் இயல்பாக இருந்தது, சிறுநீரில் புரதம் இல்லை. ஆகவே பேறுகால ஜன்னிக்கான வாய்ப்பு குறைந்தது. சி.டி. ஸ்கேனில் மூளையின் இடப்பக்கம் திட்டாக ரத்தக் கசிவு தெரிந்தது. அந்தத் திட்டு தமனிகளின் எல்லைக்குள் அடங்காததால், சிரைகளைக் காட்டும் எம்.ஆர். வெனோகிராம் எடுத்தோம். மூளையின் உச்சியில் முன்னிருந்து பின்னாக ஓடும் பெரிய சிரைக்குழாயிலும், அதிலிருந்து இடப்பக்கம் பிரியும் குழாயிலும் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. வடிகால் அடைபட்டால் வயலில் நீர் தேங்கிக் கரை கசிவதைப்போல, வெளியேற வழியில்லாத ரத்தம் பின்னுக்குத் தேங்கி மூளைத் திசுவுக்குள் கசிந்திருந்தது.

முதல் முடிவும் அதற்கான காரணமும்

உறைவைத் தடுக்கும், ஹெப்பாரின் வகையைச் சேர்ந்த எனாக்ஸாபரின் ஊசியை, எடைக்கு ஏற்ப ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தொடங்கினோம். இதைக் கணவரிடம் விளக்குவதுதான் அன்றிரவு மிகக் கடினமாக இருந்தது. "மூளையில ரத்தம் கசிஞ்சிருக்குன்னு நீங்கதானே சார் சொன்னீங்க, இப்ப ரத்தம் உறையாம இருக்க ஊசி போடறேங்கறீங்களே" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இங்கே கசிவு நோயல்ல, அடைப்பின் விளைவு. அடைப்பு வளர்ந்தால் கசிவும் வளரும். சிரை அடைப்பினால் வந்த கசிவு இருந்தாலும் ஹெப்பாரின் வகை மருந்தைக் கொடுப்பதே உலகெங்கும் ஏற்கப்பட்ட நடைமுறை. வயலும் வடிகாலும் அப்போதுதான் உதவின. கையெழுத்திட்டார்.

வலிப்புக்கு லெவெடிராசெட்டம் தேர்ந்தெடுத்தோம். வழக்கமாகக் கைக்கு முதலில் வரும் ஃபெனிட்டாயின், உறைவைத் தடுக்கப் பின்னர் தரப்போகும் வார்ஃபரின் மாத்திரையோடு மோதும். தாய்ப்பால் தொடர வேண்டும் என்பதால் நீண்டகாலச் சிகிச்சைக்குப் புதுவகை மாத்திரைகளைத் தவிர்த்து வார்ஃபரினையே முடிவு செய்தோம். மூன்றாம் நாள் நினைவு தெளிந்ததும், ஊசியை நிறுத்தாமலேயே அன்றிரவு முதல் மாத்திரை கொடுக்கப்பட்டது. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2-ஐத் தாண்டி இரண்டு நாள் நிலைத்த பின்னரே ஊசியை விலக்கினோம்.

இந்த ஒன்றின்மேல் ஒன்று என்ற வரிசை வெறும் சம்பிரதாயம் அல்ல. வார்ஃபரின் உடலுக்குள் போனதும், உறைவை உண்டாக்கும் காரணிகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்பே குறைந்துவிடுவது உறைவைத் தடுக்கும் புரதம் சி. அதன் ஆயுள் சில மணி நேரம்தான். பிறவியிலேயே அது பாதியாக இருப்பவருக்கு ஊசியின் துணையில்லாமல் வார்ஃபரினைத் தொடங்கினால் முதல் சில நாட்களில் ரத்தம் மேலும் உறையக்கூடும், தோல் கறுத்து அழுகவும் கூடும். அவருக்குப் புரதம் சி குறைவு என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. வழக்கத்தைப் பிசகாமல் செய்தது காப்பாற்றியது, அவ்வளவுதான்.

நான்காம் நாள் அனுப்பிய ரத்தம்

இங்கேதான் தவறு. இளம் வயது, அரிய இடத்தில் ரத்தக்கட்டி, ஆகவே பரம்பரைக் காரணம் தேட வேண்டும் என்று நான்காம் நாள் காலை பல ஆயிரம் ரூபாய் செலவில் மொத்தத் தொகுப்பையும் வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினேன். உறைவைத் தடுக்கும் மூன்று புரதங்களின் முடிவு இப்படி வந்தது: கட்டற்ற (வேறு புரதத்தோடு பிணையாத) புரதம் எஸ் 24 சதவீதம், புரதம் சி 38 சதவீதம், ஆன்டித்ரோம்பின் 71 சதவீதம். ஏறக்குறைய எல்லாமே குறைவு அல்லது எல்லைக்கோடு.

எதைப் பார்த்தாலும் அதற்கு வேறு விளக்கம் இருந்தது. புரதம் எஸ், கர்ப்ப காலத்தில் இயல்பாகவே வெகுவாகக் குறையும், பிரசவத்துக்குப் பின் சில வாரங்கள் ஆனால்தான் மீளும். புரதம் சி-யும் எஸ்-ம் வைட்டமின் கே-யைச் சார்ந்தவை என்பதால் முந்தைய இரவு கொடுத்த வார்ஃபரின் இரண்டையும் கீழே இழுக்கும். பெரிய ரத்தக்கட்டி இவற்றைச் செலவழிக்கும். ஹெப்பாரின் வகை மருந்து ஆன்டித்ரோம்பினைக் குறைக்கும். மேலாக, அந்த முடிவு எதுவாக இருந்தாலும் சிகிச்சையில் ஒரு மில்லிகிராம்கூட மாறியிருக்காது. இவ்வளவும் தெரிந்திருந்தும், அதிகம் குறைந்திருந்த எண்ணையே நோயின் பெயராக்கி, விடுவிப்புக் குறிப்பில் 'பரம்பரைப் புரதம் எஸ் குறைபாடு' என்று எழுதினோம். அதற்குக் கீழே, உடன்பிறந்தோரையும் பரிசோதிக்கவும் என்று ஒரு வரி.

அந்த வரியை எழுதியவன் நான்.

புரதக் குறைபாடு என்ற சொல் வீட்டில் என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். முதல் மறுபரிசோதனைக்கு வந்தபோது, தினம் இரண்டு முட்டையும் முளைகட்டிய பயறும் கொடுப்பதாகவும் புரோட்டீன் பவுடர் மூன்றாவது டப்பா ஓடுவதாகவும் தாய் பெருமையுடன் சொன்னார். அந்தக் கணக்கில் வீட்டில் எல்லோரும் பவுடர் குடித்தார்கள். இந்தப் புரதம் சாப்பாட்டிலிருந்து வருவதல்ல, கல்லீரல் தானே செய்வது, செய்முறை மரபணுவில் இருக்கிறது என்று அப்போதுதான் விளக்கினோம். சி என்பதற்கும் வைட்டமின் சி-க்கும் தொடர்பில்லை. மாட்டு ரத்தத்தைப் பிரித்தெடுக்கும்போது மூன்றாவதாக வந்த கூறு என்பதால் 1976-இல் அந்த எழுத்து ஒட்டிக்கொண்டது. எஸ் என்பது சியாட்டில் நகரத்தின் முதலெழுத்து. இப்படிப் பொருளற்ற எழுத்துகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால், வீட்டார் தமக்குத் தெரிந்த பொருளை அதில் ஏற்றிக்கொள்வது இயல்பே.

தங்கையின் இடதுகால்

நோயாளியின் தங்கைக்கு 20 வயது, கல்லூரி மாணவி. எங்கள் குறிப்பை நம்பி, ஊரில் உள்ள ஆய்வகம் ஒன்றில் புரதம் எஸ் மட்டும் பார்த்தார்கள். 82 சதவீதம். இயல்பான அளவு. உனக்கு ஒன்றுமில்லை என்று எல்லோரும் நிம்மதியடைந்தார்கள். நானும் அந்தத் தாளைப் பார்த்துத் தலையசைத்தேன்.

ஆவணியில் குலதெய்வக் கோயிலில் கும்பாபிஷேகம். தேதி இடிக்கிறது என்று மருந்துக்கடையில் கேட்டு, மாதவிலக்கைத் தள்ளிப்போடும் நோரெதிஸ்டெரோன் 5 மில்லிகிராம் மாத்திரையைத் தினம் மூன்று வீதம் பத்து நாட்கள் சாப்பிட்டார். நம் ஊர்களில் திருமணத்துக்கும் சபரிமலைப் பயணத்துக்கும் வீட்டில் விசேஷத்துக்கும் இந்த மாத்திரையைத் தலைவலி மாத்திரைபோல் வாங்குகிறார்கள். இந்த அளவில் எடுத்துக்கொள்ளும்போது அதன் ஒரு சிறு பகுதி உடலுக்குள், ரத்தம் உறைவதைத் தூண்டும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனாக மாறுகிறது என்பதும், ரத்தக்கட்டி வரும் உடல்வாகு உள்ளவர்களுக்கு அது தரக்கூடாதது என்பதும் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் பெரும்பாலும் தெரிவதில்லை. போகவரப் பேருந்தில் இரவுப் பயணம். திரும்பிய இரண்டாம் நாள் இடதுகால் வீங்கியது. கெண்டைக்கால் சுற்றளவை அளந்தபோது வலதுகாலைவிட 4 சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தது. டாப்ளர் ஸ்கேனில் முழங்காலுக்குப் பின்னிருந்து தொடைவரை ஆழ்சிரை அடைபட்டிருந்தது.

மூச்சுத்திணறல் இல்லை. நுரையீரலுக்கு எதுவும் போகவில்லை. உறைவைத் தடுக்கும் ரிவாரோக்ஸபான் மாத்திரை 15 மில்லிகிராம் இருவேளை மூன்று வாரம், பின் 20 மில்லிகிராம் ஒருவேளை என்று கொடுத்தோம். மாதவிலக்கின்போது போக்கு மிகுந்ததால் இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்தது.

அம்மாச்சி காட்டிய கால்

பேத்திக்குத் துணையாக வார்டில் இருந்தவர் 68 வயதான தாய்வழிப் பாட்டி. நோயாளியின் கணவருக்குத் தாய் என்பதால் மாமியாரும் அவரே. நான் தங்கையின் காலை அளந்துகொண்டிருந்தபோது, கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் தன் சேலையைக் கணுக்கால்வரை விலக்கி, "எனக்கும் இந்தக் கால்தான் தம்பி" என்றார்.

இடதுகால் மட்டும் வீங்கியிருந்தது. கணுக்காலுக்கு மேல் உட்புறத்தில் தோல் காப்பிப் பொடி நிறத்தில் கறுத்து இறுகி, நடுவே ஆறிய புண்ணின் வெள்ளைத் தழும்பு இருந்தது. யானைக்கால் என்று ஊரே சொல்லியிருக்கிறது. கும்பகோணத்தைச் சுற்றிய பகுதிகளில் யானைக்கால் நோய் ஒருகாலத்தில் பரவலாக இருந்ததால் வீங்கிய கால் எல்லாம் அந்தக் கணக்கில் போய்விடும். அரசு ஆண்டுதோறும் வீடுவீடாகக் கொடுத்த மாத்திரையையும் இவர் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறார். ஆனால் பாதத்தின் மேற்புறம் வீங்காமல், விரல்கள் இயல்பாக இருந்து, கணுக்காலின் உட்புறம் மட்டும் கறுத்துப் புண்ணாவது பழைய சிரை அடைப்பின் எச்சத்தைத்தான் காட்டுகிறது. எப்போது வீங்கியது என்று கேட்டேன். அருகில் நின்ற மகளைக் காட்டி, "இவ பொறந்த பத்தாம் நாளு" என்றார்.

அதன்பின் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் வட்டமும் சதுரமுமாகக் குடும்பத்தை வரைந்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. மூத்த மகன் பத்து ஆண்டுகளுக்கு முன், 38 வயதில், மாரடைப்பில் இறந்தார் என்பது வீட்டின் நினைவு. துருவிக் கேட்டபோது, அதற்கு மூன்று வாரம் முன் இருசக்கர வாகனத்தில் விழுந்து காலில் மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருந்ததும், கட்டுப் பிரித்த மறுநாள் கழிப்பறைக்கு எழுந்து போனவர் மூச்சு முட்டி விழுந்ததும் வெளிவந்தன. உடற்கூறாய்வு நடக்கவில்லை, எனவே உறுதியாகச் சொல்ல இயலாது. காலிலிருந்து கழன்ற கட்டி நுரையீரலை அடைத்திருக்கும் என்பதே என் கணிப்பு. பிறந்த வாரத்துக்குள் தோல் கறுத்து இறந்த குழந்தை உறவில் யாருக்காவது உண்டா என்றும் கேட்டேன். இல்லை என்றார்.

மூன்று தலைமுறையில் நான்கு பேர். அந்தச் சீட்டில் எழுதிய எதுவும் புதிய தகவல் அல்ல, எல்லாம் முதல் நாளே அதே வீட்டாரிடம் இருந்தவை.

மறுபரிசோதனை

மூத்தவரான முதல் நோயாளிக்குச் சிகிச்சை ஆறு மாதம் முடிந்ததும், வார்ஃபரினை நிறுத்தி, இடைக்காலத்துக்கு எனாக்ஸாபரின் ஊசியில் வைத்து, நான்கு வாரம் கழித்து ரத்தம் எடுத்தோம். அன்று காலை ஊசியைத் தள்ளிப்போட்டோம். கட்டற்ற புரதம் எஸ் 78, ஆன்டித்ரோம்பின் 96, இரண்டும் இயல்பு. புரதம் சி மட்டும் 43. ஒரே எண்ணை நம்பி மறுபடியும் ஏமாறக்கூடாது என்று மூன்று வாரம் கழித்துத் திரும்பவும் பார்த்தோம்: 46. அந்த ஆய்வகம் இயல்பாகக் கொள்வது 70-க்கு மேல்.

தங்கைக்கு 44. ரிவாரோக்ஸபான் சாப்பிடுபவர்களுக்கு உறைவு நேரத்தை வைத்து அளக்கும் முறை பொய்யான எண் தரும் என்பதால், நிறமாற்றத்தை வைத்து அளக்கும் முறையில் செய்யச் சொன்னோம். பாட்டிக்கு 40. தாய்க்கு 51. தந்தைக்கு இயல்பு.

தாய்க்கு இரண்டு பிரசவத்திலும் ஒன்றும் நேரவில்லை. பிறகு எப்படி இது பரம்பரை என்று தந்தை விடாமல் கேட்டார். ஒரு பிரதி பழுதான மரபணு, ஆண் பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் போகக்கூடும். ஆனால் அதைச் சுமப்பவர் எல்லோருக்கும் ரத்தக்கட்டி வருவதில்லை. பிரசவம், மாவுக்கட்டு, அறுவை சிகிச்சை, நீண்ட படுக்கை, ஈஸ்ட்ரோஜன் போன்ற இன்னொன்று வந்து தள்ளும்போதுதான் பெரும்பாலும் விழுகிறது. இந்தக் குடும்பத்தில் ஒவ்வொருவரையும் தள்ளியது வெவ்வேறு காரணம். அதனால்தான் நாற்பது ஆண்டுகளாக யாரும் ஒன்றோடொன்றை முடிச்சுப் போடவில்லை.

கணவரும் குழந்தையும்

பாட்டிக்குக் குறை என்றானதும் அவருடைய கடைசி மகனான கணவருக்கும் இருக்கப் பாதி வாய்ப்பு உண்டு. அவருக்கு 48 வந்தது. இருவரும் ஒரே பழுதைச் சுமந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு, இரு பிரதியும் பழுதாக அமையும் அபாயம் உண்டு. அப்படிப் பிறக்கும் குழந்தைக்குப் புரதம் சி அநேகமாக இல்லாமலே இருக்கும். பிறந்த சில மணிகளில் அல்லது சில நாட்களில் தோல் திட்டுத் திட்டாகக் கறுக்கும், கண்ணும் மூளையும் பாதிக்கப்படும், பிளாஸ்மாவை உடனே ஏற்றி, தொடர்ந்து ஏற்றிக்கொண்டே இருந்தால்தான் உயிர் தங்கும். முதல் குழந்தை அந்தக் கண்டத்தைத் தாண்டிவிட்டது. அதற்கு அப்போது எட்டு மாதம், தவழத் தொடங்கியிருந்தது. அளந்ததில் 39 வந்தது. குழந்தைகளுக்கு இந்த அளவு இயல்பாகவே குறைவு, வளர வளரத்தான் கூடும். எனவே இது வயதுக்குரிய அளவா, ஒரு பிரதி பழுதானதா என்று இந்த எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. கடுமையான வகை அல்ல என்பது மட்டும் உறுதி. பருவமடையும் வயதில் மறுபடி பார்ப்பது என்று முடிவாயிற்று.

சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி என்று இரு வீட்டிலும் பேச்சு எழுந்தது. அந்தப் பெண்ணுக்கு வந்த ரத்தக்கட்டிக்கும் அவர் யாரை மணந்தார் என்பதற்கும் தொடர்பில்லை, அது தாய்வழி வந்தது. தொடர்பு இருப்பது அடுத்த குழந்தைக்கு மட்டும். இதைக் கணவரையும் மனைவியையும் மட்டும் தனியே உட்கார வைத்துச் சொன்னோம். பாட்டி வெளியே வராந்தாவில் இருந்தார். தன்னால்தான் எல்லாம் என்று அவர் அழுததாகப் பின்னர் அறிந்தோம். அவரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டும்.

மரபணுப் பரிசோதனையில் இருவருக்கும் அதே மாற்றம் உறுதியானது. அடுத்த கருவில், பதினொரு வாரம் கடந்தபின் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்து இதே மாற்றத்தைத் தேட முடியும் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறோம். இப்போதைக்கு வேண்டாம் என்று காப்பர்-டி வைத்துக்கொண்டார்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை இந்த வீட்டுப் பெண்கள் யாருக்கும் ஆகாது.

பின்தொடர்ந்தவை

மூத்தவருக்கு வலது கை முழுதும் தேறியது. வலிப்பு திரும்பவில்லை. மறுபடி எடுத்த வெனோகிராமில் பெரிய குழாய் திறந்திருந்தது, இடப்பக்கக் குழாய் ஓரளவே திறந்திருந்தது. மறுபரிசோதனைக்குப் பின் மீண்டும் தொடங்கிய வார்ஃபரினை ஒரு வருடம் நிறைந்ததும் நிறுத்தினோம். ஆயுள் முழுவதும் தர வேண்டும் என்ற கருத்தும் எங்களுக்குள் இருந்தது. பிரசவம் என்ற தெளிவான தூண்டுதலால் வந்த முதல் கட்டி என்பதாலும், மாதந்தோறும் ஐ.என்.ஆர். பார்க்க அவர் வர இயலாமல் இருமுறை அளவு 5-ஐத் தாண்டியதாலும் நிறுத்துவதன் பக்கம் தராசு சாய்ந்தது. இன்னொரு மருத்துவர் வேறு முடிவு எடுத்திருந்தால் அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். அடுத்த கர்ப்பம் தொடங்கிய நாளிலிருந்து பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை ஊசி உண்டு.

தங்கைக்கு மாலையில் கணுக்கால் லேசாக வீங்குகிறது. அழுத்தக் காலுறை அணிகிறார். மருந்து தொடர்கிறது. பாட்டியின் கால் வீக்கம் அப்படியேதான், ஆனால் புண் மறுபடி வரவில்லை.

இறந்த மூத்த மகனுக்கு 17 வயதில் ஒரு மகன். இருமுறை சொல்லி அனுப்பியும் அவருடைய தாய் பரிசோதனைக்கு இணங்கவில்லை. கணவரைப் பறிகொடுத்த காரணத்தை மாற்றிச் சொல்லும் மருத்துவரை அவர் நம்பாததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலில் அடிபட்டாலோ அறுவை சிகிச்சை என்றாலோ மருத்துவரிடம் காட்டும்படி ஒரு சீட்டு மட்டும் எழுதிக் கொடுத்தோம், வாங்கி வைத்திருக்கிறார்.

மாற்றிக்கொண்டவை

ரத்தக்கட்டி வந்து படுத்திருக்கும் நாட்களில் இந்தப் புரதங்களை அளக்க எங்கள் பிரிவில் இப்போது ரத்தம் அனுப்புவதில்லை. மருந்து நிறுத்தி வாரங்கள் ஆனபின், இருமுறை. அப்போதும் முடிவு எதையாவது மாற்றும் என்றால் மட்டும். உறவினரைப் பரிசோதிக்கச் சொல்வது உறுதியான பெயர் கிடைத்த பிறகே. இயல்பான முடிவு வந்த உறவினருக்கும், குடும்பத்தில் கட்டி வந்தது மாறாத செய்தி என்பதைச் சொல்லி, தள்ளிப்போடும் மாத்திரையின் பெயரை எழுதிக் காட்டிவிடுகிறோம். பிரசவ வார்டில் தாய்மார்களுக்குக் கொடுக்கும் தாளில் தண்ணீர் பற்றிய வரி மேலே ஏறியது. செவிலியர் ஒரு லிட்டர் பாட்டிலைக் கட்டிலருகில் வைத்து, மாலைக்குள் எத்தனை காலியாயிற்று என்று குறிக்கிறார்கள்.

அனுமதிப் படிவத்தில் குடும்ப வரலாறு என்ற கட்டம் முன்பும் இருந்தது. அதில் பெரும்பாலும் 'இல்லை' என்றே எழுதப்பட்டிருக்கும். இப்போது அந்தக் கட்டத்தில் மூன்று கேள்விகள் அச்சாகியுள்ளன: பிரசவத்துக்குப் பின் யாருக்காவது ஒற்றைக் கால் வீங்கியதா, ஐம்பதுக்குள் யாராவது திடீரென இறந்தார்களா, கணவன் மனைவி சொந்தமா. பதிலை யாரிடம் கேட்டது என்று எழுதவும் ஓரிடம் விட்டிருக்கிறோம்.